பனிக்கு எத்தனை காற்று?

"உறைபனி, டயர், காத்து. இந்த மூணைப் பத்தி எவன் வேணா எந்நேரம் வேணா வந்து கேக்கலாம். தெரியாதுங்கற வார்த்தை இந்த வாயிலேர்ந்து வராது. தமிழ்லயும் வராது, பிரெஞ்சுலயும் வராது."

இப்படிப் பிரகடனம் செய்தவர் சொல்தா தெய்வசிகாமணி. செய்த இடம், புதுச்சேரி பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் அன்வருதீன் பாயின் டயர் கடை. காலம், 1954 நவம்பர் முதல் வாரம். பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கிக்கொண்டு கப்பலேறிப் போய்க்கொண்டிருந்த சமயம். "வெள்ளைக்காரன் போயிட்டானே சொல்தா, இனிமே உன் கதி என்னா?" என்று யாரோ கேட்டார்கள். கேட்டதற்கும் சொன்னதற்கும் சம்பந்தம் இல்லை என்று வாசகர்கள் நினைக்கலாம். தெய்வசிகாமணியின் பதில்கள் எதற்குமே அந்தக் குறை உண்டு. மகான்களிடம் சம்பந்தத்தை எதிர்பார்க்கக் கூடாது.

சொல்தா என்பது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து திரும்பியவர்களுக்கு எங்கள் ஊர் கொடுக்கும் பட்டம். இந்தப் பட்டம் ஒட்டிக்கொண்டுவிட்டால் பிறகு மனிதனுக்குத் தப்பே வராது. தெய்வசிகாமணி இருபத்து நான்காம் வயதில் டிரைவராகப் பட்டாளத்தில் சேர்ந்தார். மூன்று வருஷம் பிரான்ஸ், எட்டு வருஷம் சைகோன். திரும்பி வந்தபோது தலையில் ஒரு தொப்பி, மார்பில் ஒரு மெடல், வலது கைக்கு மட்டும் ஒரு தோல் உறை. இடது கை உறை எங்கே என்று கேட்டவர்களுக்கு, "பனியில போச்சு" என்பார். சைகோனில் கழித்த எட்டு வருஷத்தைப் பற்றி அவர் எட்டு வாக்கியம் பேசி யாரும் கேட்டதில்லை. சைகோனில் இருந்தது வெயில். வெயிலை எங்கள் ஊரில் யாரும் வாய் பிளந்து கேட்க மாட்டார்கள். அதனால் அந்த மூன்று வருஷப் பிரான்சை எடுத்துக்கொண்டு, அதிலிருந்து கோடையைக் கழித்துவிட்டு, மிச்சத்தில் தம் புகழை நிறுவினார்.

காலை ஒன்பது மணிக்கு வந்து அன்வருதீன் கடை வாசலில் கிடக்கும் தேய்ந்த பஸ் டயர் மேல் உட்காருவார். அங்கிருந்தபடி பனி பெய்விப்பார். ஐம்பத்து நான்கில் அவர் லாரி ஓட்டிய பனி கணுக்கால் அளவுதான் இருந்தது. ஐம்பத்தாறில் முழங்கால். ஐம்பத்தெட்டில் வண்டியின் கதவு திறக்கவில்லை, ஜன்னல் வழியாக இறங்கினார். அறுபதில் லாரி முழுக்க மூடிப்போய், மேலே இவருடைய தொப்பி மட்டும் தெரிந்ததாம். அந்தத் தொப்பியை அடையாளம் வைத்துத்தான் பின்னால் வந்த முப்பது வண்டிகளும் பாதை கண்டுபிடித்தனவாம். இவர் வண்டிக்குள் உட்கார்ந்திருக்க, தொப்பி எப்படிக் கூரைக்கு மேல் தெரிந்தது என்று கேட்கும் அளவுக்கு எங்கள் ஊர்க்காரர்கள் மரியாதை கெட்டவர்கள் அல்ல.

இத்தனைக்கும் மார்கழி பிறந்தால் அவர் தலையில் மப்ளர் ஏறிவிடும். பானைத் தண்ணீர் குடித்தால் சளி பிடிக்கும் என்று அவருடைய மனைவி செல்வாம்பாள் தை முடியும் வரை வெந்நீர் வைத்துக் கொடுப்பாள். "ஆல்ப்ஸ் மலையில லாரி ஓட்டின ஆளு, இங்க கம்பளி போத்திக்கினு ஒக்காந்திருக்கியே?" என்று பாய் ஒரு தடவை கேட்டார். "அது காஞ்ச குளுரு பாய், இது ஈரக் குளுரு. ஒடம்புக்கு வித்தியாசம் தெரியும்" என்றார். கூடியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். அவர்களில் பாதிப் பேருக்குக் காய்ந்த குளிர் என்றால் என்ன என்று தெரியாது. மீதிப் பாதிக்குத் தலையாட்ட மட்டும் தெரியும்.

பனியை அடுத்து அவருடைய வித்தை குதிகாலில் இருந்தது. எந்த வண்டி வந்து நின்றாலும் எழுந்து போய், டயரைப் பின்காலால் ஓர் உதை விட்டு, கண்ணை மூடி ஒரு கணம் நின்று, காற்றளவைச் சொல்வார். அளவு பார்க்கும் கேஜை அவர் தொட்டதே இல்லை. "கேஜ் வெச்சிருக்கவன் பயந்தாங்கொள்ளி" என்பது அவருடைய கொள்கை. ஒரு நாள் கனகசெட்டிக்குளத்தில் இருந்து கருவாடு ஏற்றி வந்த மாட்டு வண்டியின் சக்கரத்தையும் இதே போல் உதைத்து, "கொஞ்சம் கம்மியா இருக்கு" என்று சொல்லிவிட்டார். மரச் சக்கரம், இரும்புப் பட்டை. வண்டிக்காரன் இறங்கிச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, "ஆமாங்க" என்றான். சொல்தா சொன்னால் அப்படித்தான்.

இந்த இடத்தில் எங்கள் ஊரின் காற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பிரெஞ்சுக்காரன் டயர்க் காற்றைக் கிலோவில் அளப்பான். எல்லைக்கு அந்தப் பக்கம் இங்கிலீஷ்காரன் பழக்கிவிட்ட இந்தியாவில் பவுண்டு. அங்கே இருபத்தெட்டு என்றால் இங்கே இரண்டு. கொடி ஒரே நாளில் மாறிவிட்டது. காற்று மாறவில்லை. பழைய பிரெஞ்சு வண்டி வைத்திருந்தவர்கள் இரண்டு கேட்டார்கள். மதராஸில் இருந்து வந்த வண்டிக்காரர்கள் இருபத்தெட்டு கேட்டார்கள். அன்வருதீன் பாய் இரண்டு கேஜையும் ஆணியில் மாட்டி வைத்திருந்தார். பிரெஞ்சுக் கேஜ் ஐம்பத்தொன்பதில் உடைந்தது. பிறகு மதராஸில் வாங்கிய பவுண்டுக் கேஜ் ஒன்றுதான். பாய் மனசுக்குள்ளேயே கணக்குப் போட்டு, கேட்டவனுக்குக் கேட்ட பாஷையில் காற்றடித்தார். தெய்வசிகாமணிக்கு இந்தச் செய்தி எட்டவில்லை. கேஜைத் தொடாதவருக்கு எப்படி எட்டும்?

எட்டு வருஷம் இப்படியே போயிற்று. பனியைப் பற்றி எத்தனை பேசினாலும் புதுச்சேரியில் அது ஆளைக் கேட்டு வராது என்கிற தைரியத்தில் அவர் நிம்மதியாக இருந்தார். 1962-ல்தான் அது வந்தது. பனியாக வரவில்லை. சக்கரபாணி என்கிற பஸ் டிரைவராக வந்தது.

அந்த ஆகஸ்டில் ஊர் சட்டப்படியும் இந்தியாவோடு சேர்ந்தது. பிரெஞ்சுக் குடிமகனாகவே இருக்க ஆசைப்படுகிறவன் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். காலாப்பட்டு வழியாகக் கனகசெட்டிக்குளம் போகும் பஸ்ஸைப் பன்னிரண்டு வருஷமாக ஓட்டிக்கொண்டிருந்த சக்கரபாணி எழுதிக் கொடுத்துவிட்டான். காரணம் அவன் மனைவி அஞ்சலாட்சியின் அண்ணன். அவர் பிரான்சில் மலைப்பக்கத்து ஊர் ஒன்றில் ஆஸ்பத்திரி உதவியாளர். அங்கே ஒரு பால் கம்பெனியில் சக்கரபாணிக்கு டிரைவர் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார். கடிதத்தில் இப்படி இருந்தது:

'ஜனவரியில் வந்து சேர். முதல் நாள் காலையில் முதலாளி பனியில் நிற்கிற வண்டியைக் காட்டி, தயார் பண்ணு என்பார். வேறு எதுவும் பேச மாட்டார். நீ டயரில் என்ன செய்கிறாய் என்று பார்ப்பார். போன வருஷம் இப்படி வந்த ஒருவனை அன்று மத்தியானமே அனுப்பிவிட்டார். எனக்கு வண்டி விஷயம் தெரியாது. நம் ஊரில் பனியில் ஓட்டிய சொல்தா யாராவது இருப்பார். அவரிடம் நன்றாகக் கற்றுக்கொண்டு வா.'

சக்கரபாணி பஸ் வேலையை விட்டுவிட்டான். அவன் இடத்துக்கு மறுநாளே வேறு ஆள் வந்துவிட்டான். அங்கே அனுப்பிவிட்டால் இங்கே திரும்பி உட்கார சீட்டு இல்லை. வீட்டில் அஞ்சலாட்சி, இரண்டு பெண் பிள்ளைகள். எல்லாம் இப்போது ஒரு டயரில் எத்தனை காற்று என்கிற கேள்வியின் மேல் நின்றன.

அவன் நேராக டயர் கடைக்கு வந்தான். அன்று கூட்டம் அதிகம். கேள்வியைக் கேட்டதும் எல்லாத் தலைகளும் தெய்வசிகாமணியின் பக்கம் திரும்பின. எட்டு வருஷமாக யாரும் நிஜமாகக் கேட்காத கேள்வி. அவர் முகத்தில் ஒரு நொடி ஏதோ ஓடியது என்று பாய் பிற்பாடு சொன்னார். அஜீரணமாகவும் இருக்கலாம்.

"கத்துக் குடுக்கறேன்" என்றார். "ஆனா, பனி வேணும்."

பனிக்கு எங்கே போவது? அதற்கும் ஊர் வழி கண்டுபிடித்தது. காலாப்பட்டு போகும் சாலையில் இராமதாஸ் முதலியாரின் அரிசி ஆலை. நெல் காயவைக்கிற சிமெண்டுக் களத்தில் உமியைப் பரப்பித் தண்ணீர் ஊற்றினால் மனிதன் நிற்க முடியாது. ஆலை வேலைக்காரர்கள் அதில் விழுந்து பல்லுடைத்துக்கொண்ட வரலாறு உண்டு. "இதான் பனி" என்றார் தெய்வசிகாமணி, கையில் கொஞ்சம் உமியை எடுத்து முகர்ந்து பார்த்து. "கலர்தான் வேற."

நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் பாடம். நெற்றியைச் சுட்டுப் பொசுக்கும் வெயில். இராமதாஸ் தம் பழைய பிரெஞ்சு வேனைக் களத்தில் விட்டிருந்தார். ஊரில் வேலையில்லாதவர்களும், வேலை இருந்தும் பார்க்க வந்தவர்களுமாக நாற்பது பேர். தெய்வசிகாமணி மெடல் அணிந்து, ஒற்றைத் தோலுறை மாட்டி, மப்ளரும் சுற்றி வந்திருந்தார். மப்ளர் எதற்கு என்று கேட்டதற்கு, பாடம் தத்ரூபமாக இருக்க வேண்டும் என்றார்.

"மொதல்ல ஒதைச்சுப் பாரு."

சக்கரபாணி உதைத்தான்.

"என்னா தெரியுது?"

"கால் வலிக்குதுண்ணே."

"இன்னும் நல்லா ஒதை. காத்து உன்கிட்ட பேசும்."

நான்கு டயரையும் உதைத்துவிட்டு நொண்டிக்கொண்டு வந்தான். "அண்ணே, எனக்கு நம்பர் சொல்லிடுங்க. ஒங்க கால் எங்கிட்ட இல்ல. பாய் கேஜ் குடுத்து உட்டுருக்காரு."

ஜும்மா தொழுகைக்குப் போகும் வழியில் அன்வருதீன் பாய் தம் கேஜை அவனிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். தொழுகை முடிந்து வருவதாகச் சொல்லியிருந்தார். அவர் முதலிலேயே வந்திருந்தால் இந்த வரலாறு இன்னும் சுருக்கமாக முடிந்திருக்கும்.

தெய்வசிகாமணி கேஜை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பட்டாளத்தில் என்றோ காதில் விழுந்த கிலோக் கணக்கை நினைவில் தோண்டி எடுத்தார். "சாதா ரோடுக்கு ரெண்டு. பனிக்கு ஒண்ணு. டயரு சாப்டுட்டு ஒக்காந்த ஆள் மாதிரி பரந்து ஒக்காரணும். அப்பதான் வழுக்காது."

"ஒண்ணா?" சக்கரபாணி கேஜைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பவுண்டுக் கேஜ். "அண்ணே, பஸ்ஸுக்கு அறுபது வைப்பேன். இதுல ஒண்ணுன்னா காத்தே இல்லாத மாதிரி ஆச்சே."

"பஸ் எங்க ஓடுது?"

"கனகசெட்டிக்குளத்துக்கு."

"அங்க பனி பேயுதா?"

"இல்ல."

"அப்ப பேசாத."

இதற்கு மேல் ஒரு மாணவன் என்ன செய்வான்? பன்னிரண்டு வருஷம் டயரோடு குடித்தனம் நடத்தியவன், தன் கண்ணையும் கையையும் நம்பாமல், ஒரு தொப்பியை நம்பி வால்வை அமுக்கினான். காற்று சீறிக்கொண்டு போயிற்று. போய்க்கொண்டே இருந்தது. நான்கு டயரும் தரையில் படுத்துவிட்டன. கேஜ் ஒன்று காட்டவில்லை, ஒன்றுமே காட்டவில்லை. "கிட்டத்தட்ட சரி. இப்ப எடு" என்றார் ஆசிரியர்.

எஞ்சின் அலறியது. வேன் ஒரு முழம் முன்னால் வந்து, கால் மடங்கிய மாடு போல் குந்திக்கொண்டது.

"வழுக்குச்சா?" என்று கத்தினார் தெய்வசிகாமணி.

"வழுக்கலண்ணே! நகரவும் இல்ல!"

"வழுக்கலங்கறத மட்டும் கவனி!"

கூட்டம் கை தட்டியது. உமி மேல் நடக்க முடியாமல் நாற்பது பேர் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்க, அங்கே ஒரு வண்டி வழுக்காமல் நிற்கிறது! கண் கண்ட அதிசயம். இன்னொரு தடவை ஆக்சிலேட்டரை மிதித்ததும் முன்சக்கர டயர் ரிம்மை விட்டுக் கழன்று, உள்ளே டியூப் கிழியும் சத்தம் கேட்டது.

"என் டியூபு!" என்றார் இராமதாஸ்.

"பனியில டியூப் முக்கியம் இல்ல, முதலியாரே. பிடிமானந்தான் முக்கியம்."

அப்போதுதான் பாய் தொப்பியைச் சட்டைப் பையில் மடித்து வைத்தபடி வந்து சேர்ந்தார். படுத்த டயர்களைப் பார்த்தார். கேஜைப் பார்த்தார். நடந்ததைக் கேட்டார். அவர் சிரிக்கவில்லை. அதுதான் சக்கரபாணியைக் கலக்கியது.

"சொல்தா, உன் ஒண்ணு கிலோ. இது பவுண்டு. நீ சொன்னதைச் செய்யணும்னா இதுல பதினாலு வெச்சிருக்கணும். அது போவட்டும். அந்தப் பதினாலே சரியான்னுதான் எனக்கு சந்தேகம்."

"உனக்குப் பனியைப் பத்தி என்னா தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. டயர் தெரியும். மார்கழி காலைல கடை தொறந்தா, ராத்திரி டைட்டா விட்டுட்டுப் போன டயர் தொளதொளன்னு இருக்கும். வெயில் ஏறினா அதுவே திம்முனு ஆயிடும். யாரும் காத்தடிக்கறதும் இல்ல, எறக்கறதும் இல்ல. குளுருல காத்து சுருங்குது. இந்த ஊருக் குளுருக்கே இப்படின்னா, அந்த ஊருல தன்னாலயே கொறஞ்சிருக்கும். கொறஞ்சு கெடக்கறதுல நீ போயி இன்னும் எறக்கச் சொல்ற. இவன் வண்டிய எங்க கொண்டு போயி நிறுத்துவான்?"

களத்தில் ஒரு ஆள் உமியில் வழுக்கி விழுந்தான்.

"இது சைக்கிள் கடைக் கணக்கு பாய்" என்றார் தெய்வசிகாமணி. மப்ளரை இறுக்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், உமியின் மேல் மிகவும் ஜாக்கிரதையாகக் கால் வைத்து நடந்து போனார். பனியில் பழகியவர் நடையாக அது இல்லை.

ஊர் இரண்டாகப் பிரிந்தது. சொல்தா கட்சி, பாய் கட்சி. இந்தியாவா பிரான்சா என்று எழுதிக் கொடுக்க வேண்டிய மாதங்களில், அந்தத் தலைவலியை விட்டுவிட்டு ஜனங்கள் காற்றை இறக்குவதா, ஏற்றுவதா என்று காபிக் கடையில் மேஜையைக் குத்தினார்கள். சக்கரபாணி இரண்டு கட்சியிலும் இல்லை. முதலாளி பார்த்துக்கொண்டிருக்க, வால்வின் மேல் கை வைத்து, அமுக்குவதா வேண்டாமா? சொல்தா பிரான்சுக்குப் போனவர். பாய் காரைக்காலைத் தாண்டாதவர். சொல்தா சொன்னதில் வண்டி குந்திவிட்டது. பாய் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பாய், பனியைப் பார்த்ததே இல்லை என்று தாமே ஒப்புக்கொண்டுவிட்டார். எங்கள் ஊரில் இப்படி ஒப்புக்கொள்கிறவன் பேச்சு எடுபடாது.

இந்த முடிச்சை அவிழ்க்க அஞ்சலாட்சி புறப்பட்டாள். ஐந்தடி இல்லாத பெண். குரல் மட்டும் பஸ் ஹாரன். தெய்வசிகாமணி வீட்டு வாசலில் நின்று சொன்னாள்:

"அண்ணே, பேச்செல்லாம் வேணாம். எழுதிக் குடுத்துடுங்க."

"என்னா எழுதணும்?"

"பனியில டயருக்கு எத்தன காத்து. எறக்கணுமா, ஏத்தணுமா. கீழ கையெழுத்து. பட்டாளத்து நம்பரு. அவரு அதை அங்க முதலாளிகிட்ட காட்டுவாரு. தப்பா இருந்தா ஒங்க பேருதான் கெடும். எங்க வீட்டுக்காரரு தப்பிச்சிக்குவாரு."

வெளியூர்க்காரர்களுக்கு இதன் பயங்கரம் புரியாது. வாய்ச் சொல் என்றால் எங்கள் ஊரில் காற்றோடு போகும். கையெழுத்து என்றால் உயிர். பிறந்தால் பத்திரம், செத்தால் பத்திரம், இரண்டுக்கும் நடுவில் உயிரோடு இருப்பதற்கு ஒரு பத்திரம். பென்ஷன் வாங்கும் சொல்தாக்கள் வருஷா வருஷம் பீரோ என்கிற பிரெஞ்சு ஆபீசுக்குப் போய், தாம் சாகவில்லை என்று எழுதி வாங்கி வருவார்கள். எட்டு வருஷம் பனி பெய்வித்த மனிதர், ஒரு வெள்ளைத் தாளின் முன்னால் உறைந்து போனார்.

முதல் வாரம், நல்ல இங்க் இல்லை என்றார். அஞ்சலாட்சி புட்டியோடு வந்தாள்.

இரண்டாவது வாரம், பனியில் பதினாறு வகை உண்டு, எந்த வகை என்று தெரியாமல் எழுத முடியாது என்றார். "பதினாறுக்கும் எழுதுங்க. கஞ்சி கொண்டாந்துருக்கேன், ஒக்காந்துக்கறேன்" என்றாள். அவர் கொல்லைப்பக்கம் போனவர் சாயங்காலம் வரை வரவில்லை.

மூன்றாவது வாரம் காய்ச்சல். இழுத்துப் போர்த்திப் படுத்திருந்தார். அஞ்சலாட்சி கட்டிலருகே நின்று, "அண்ணே, செவ்வாக்கெழமை காலம்பர வண்டி. விழுப்புரம் போயி, மதராஸ் போயி, பம்பாய்ல கப்பலு. எங்களுக்கு வேற கேக்க ஆள் இல்ல" என்றாள். சண்டைக் குரல் இல்லை. ஹாரன் எங்கோ நின்றுவிட்டிருந்தது. போர்வை தலைக்கு மேல் இழுபட்டது. அவள் போன பிறகு செல்வாம்பாள் போர்வையை விலக்கி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "சூடு இல்லியே" என்றாள். "தெரியும்" என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை. புதுச்சேரி ஸ்டேஷன். சக்கரபாணி புதுக் கோட்டு ஒன்றுக்குள் வியர்த்துக்கொண்டு வண்டியின் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். அஞ்சலாட்சி டிபன் தூக்கைக் கொடுத்துக்கொண்டே, "அங்க போயி எதையாவது அமுக்கித் தொலையாதீங்க" என்றாள். "அமுக்காம வெறுமன நின்னா மட்டும்?" என்றான் அவன். பெண் பிள்ளைகள் இருவரும் வெளியே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள்.

தெய்வசிகாமணி வந்தார். தொப்பி இல்லை, மெடல் இல்லை, உறை இல்லை. வெறும் வேட்டி சட்டையில் அவரைப் பார்த்தபோது அஞ்சலாட்சிக்கே ஒரு கணம் ஆள் தெரியவில்லையாம். நாலாக மடித்த தாளை நீட்டினார். முதலாளிக்குப் பிரெஞ்சில் எழுதியிருக்கும் என்று நினைத்து அவள் பிரிக்காமலே கணவனிடம் தள்ளினாள். தமிழில் இருந்தது.

'நான் பனியில் வண்டி ஓட்டியதில்லை. நாங்கள் இருந்த முகாம் தெற்கே, கடற்கரையில். உஷ்ண தேசத்துச் சிப்பாய்களைக் குளிர்காலத்தில் அங்கேதான் வைப்பார்கள், குளிர் தாங்காது என்று. ரொட்டி வண்டி ஓட்டினேன். பனியைத் தூரத்தில் மலை உச்சியில் வெள்ளையாகப் பார்த்திருக்கிறேன். அதுதான் பனி என்று சொன்னார்கள். டயர் விஷயத்தில் பாய் சொன்னது நியாயமாகப் படுகிறது. அதுவும் எனக்கு நிச்சயம் இல்லை. நீ எதையும் தொடாதே. முதலாளியிடம் கேள்.'

கீழே கையெழுத்து. பட்டாளத்து நம்பர்.

சக்கரபாணி இரண்டு தடவை படித்தான். கோபப்பட்டிருக்கலாம். பட நேரம் இல்லை. கார்டு விசிலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமேண்ணே."

"நீ கேட்டப்ப எல்லாரும் பார்த்துக்கினு இருந்தாங்கப்பா."

"முதலாளிகிட்ட எப்படிக் கேப்பேன்? எனக்கு வணக்கத்துக்கு பொன்ழூர், நன்றிக்கு மெர்சி, ரெண்டுதான் தெரியும்."

தெய்வசிகாமணி சுற்றும் முற்றும் பார்த்தார். மார்க்கெட் ஆட்கள் ஏழெட்டுப் பேர் வழியனுப்ப வந்திருந்தார்கள். பாயும் நின்றிருந்தார். காபிக் கடைச் சொல்தா கட்சி முழுதும் இருந்தது. அவர் ஜன்னல் பக்கம் நெருங்கி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"ஜெ நெ சே பா. எனக்குத் தெரியாதுன்னு அர்த்தம். அப்பறம், மோந்த்ரே முவா. எனக்குச் செஞ்சு காட்டுங்கன்னு அர்த்தம்."

"ஜெனு... என்னாண்ணே?"

"ஜெ நெ சே பா."

"காதுல உழலண்ணே, எஞ்சின் சத்தம்."

வண்டி அசைந்தது. தெய்வசிகாமணி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். இப்போது உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னார். தமிழிலும் சொன்னார், பிரெஞ்சிலும் சொன்னார். உள்ளே இருந்து சக்கரபாணி திருப்பிச் சொல்லும் வரை, பிளாட்பாரம் முடியும் வரை, ஒவ்வொரு எழுத்தாக.